மடங்குற கத்தி

போன வாரம் சென்னையிலிருந்து பேரன் வாட்ஸ்அப்பில் மூன்று படங்கள் அனுப்பியிருந்தான். மூன்றும் மடக்குக் கத்திகள். நண்பர்களோடு கொல்லிமலைக்குப் போய்க் கூடாரம் போட்டு இரண்டு நாள் தங்கப் போகிறானாம். "தாத்தா, நீங்க சாரணர் ஆசிரியரா இருந்தவராச்சே, இதுல எதை வாங்கலாம்?" என்று கேட்டிருந்தான்.

உடனே பதில் போட முடியவில்லை. எழுந்து போய் மேசை டிராயரைத் திறந்தேன். நூல் சுற்றிக் கட்டிய பழைய கத்தி ஒன்று அதில் கிடக்கிறது. அதன் கதையைச் சொல்லாமல் அவனுக்கு யோசனை சொல்வது சரியில்லை என்று பட்டது.

1986இல் சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் வேலை. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். சாரணர் பொறுப்பும் என்னிடம்தான். அந்த வருஷம் பிள்ளைகளைக் கிள்ளைப் பக்கம் முகாமுக்கு அழைத்துப் போனேன். முதல் நாள் கீழவீதியில் ஒரு பிளாட்பாரக் கடையில் கத்தி வாங்கினேன். ஒரே பிடிக்குள் கத்தி, ஸ்பூன், முள்கரண்டி, டின் ஓப்பனர், திருகாணி எல்லாம் இருந்தன. விலையும் மலிவு. பெரிய ராணுவ அதிகாரி மாதிரி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

கூடாரத்துக்கு மூங்கில் முளை செதுக்கும்போது எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், "சார், அந்தக் கத்தியைக் குடுங்க" என்று கேட்டான். கொடுத்தேன். முளையில் துளை போட நுனியை வைத்து அழுத்தினான். கத்தி சட்டென்று மடங்கி ஆள்காட்டி விரலைக் கவ்விவிட்டது. துண்டால் இறுக்கிக் கட்டி, கிடைத்த வண்டியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நாலு தையல்.

அவன் அப்பா பிச்சாவரம் பக்கம் படகு வலிப்பவர். செய்தி கேட்டு வந்தார். வலது கை விரல். நாளைக்கு இவனும் துடுப்புப் பிடிக்க வேண்டியவன் ஆயிற்றே என்ற நினைப்பில் எனக்குப் பேச்சே வரவில்லை. அவர் கோபப்படவில்லை. அந்தக் கத்தியை வாங்கி இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்தார். "மடங்குற கத்தி மடங்கத்தான் சார் செய்யும். அதைப் பூட்ட வழி இருக்கான்னு பாத்து வாங்கியிருக்கலாம்" என்றார். இதற்கு அவர் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

அதற்குப் பிறகுதான் இந்தக் கத்திகளைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்செனர் என்பவர் 1891இல் தம் நாட்டு ராணுவத்துக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கினார். சிப்பாய் டின் திறக்கவும் துப்பாக்கியைக் கழற்றவும் ஒரே கருவி வேண்டும் என்பதுதான் நோக்கம். இன்றைய விக்டோரினாக்ஸ் அதன் வழி வந்தது. அமெரிக்காவின் டிம் லெதர்மேன் கதை வேறு. 1975இல் பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றியபோது, கார் மக்கர் செய்தால் சரிபார்க்கக் கத்தி போதவில்லை, குறடும் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. குறடை நடுவில் வைத்து ஒரு கருவி செய்து, 1983இல் கம்பெனி தொடங்கினார். இரண்டு பேருமே தங்களுக்கு என்ன வேலை இருக்கிறது என்று முதலில் பார்த்தார்கள். நானோ எத்தனை சாமான் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து வாங்கியவன்.

குறடின் அருமை தானே புயலில் தெரிந்தது. 2011 டிசம்பர் 30 விடியற்காலை கடலூரில் அடித்த அடியை நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் வேப்பமரம் சாய்ந்து கேட்டை அடைத்துக்கொண்டது. என் மகன் வாங்கித் தந்திருந்த குறடு வைத்த கருவியில் சின்ன ரம்பமும் உண்டு. அதை எடுத்துக்கொண்டு கிளையிடம் போனேன். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துச் சிரித்துவிட்டு, அரிவாளோடு வந்து வழி விட்டார். ஆனால் தூக்கிக்கொண்டு ஆடிய கூரைத் தகட்டைக் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டியது அந்தக் குறடுதான். அரிவாளின் வேலையை அதனால் செய்ய முடியாது. அதன் வேலையை அரிவாளாலும் செய்ய முடியாது.

ஆகவே பேரனுக்கு இப்படி எழுதினேன்:

"கத்தியைத் திறந்தால் பூட்டிக்கொள்கிறதா என்று முதலில் பார். பூட்டு இல்லாததை வைத்துக் குத்தவோ துளைக்கவோ கூடாது. அடுப்பு, கம்பி, ஆணி என்று வேலை இருந்தால் குறடு உள்ளதை வாங்கு. கயிறு அறுக்கவும் பழம் நறுக்கவும் மட்டும் என்றால் சின்னதே போதும், கால் கிலோ கனத்தைச் சுமக்காதே. இருபது சாமான் உள்ளதில் பதினைந்தை நீ தொடவே மாட்டாய். துருப்பிடிக்காத எஃகு என்று நம்பிவிடாதே. நம் ஊர் உப்புக்காற்றில் அதுவும் புள்ளி போடும். கழுவித் துடைத்து மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விடு. விமானத்தில் போனால் கைப்பையில் வைக்காதே, பிடுங்கிக்கொள்வார்கள். விறகு வெட்ட வேறு அரிவாள் எடுத்துப் போ. யாராவது இரவல் கேட்டால், எப்படிப் பிடிப்பது என்று காட்டிவிட்டுக் கொடு."

கடைசி வரியை எழுதும்போது கை கொஞ்சம் நின்றது.

அந்தப் பையனைப் பல வருஷம் கழித்துப் பிச்சாவரத்தில் பார்த்தேன். அப்பாவைப் போலவே படகு வலிக்கிறான். கண்டதும் விரலைத் தூக்கிக் காட்டினான். வெள்ளைக் கோடாகத் தழும்பு. "இன்னும் கத்தி வாங்குறீங்களா சார்?" என்று கேட்டுச் சிரித்தான். சுரபுன்னைக் காட்டுக்குள் ஒரு மணி நேரம் சுற்றிக் காட்டினான். காசு கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டான். துடுப்பை அவன் பிடித்திருந்த பிடியைத்தான் நான் வழியெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பேரன் பூட்டு உள்ளதாகவே ஒன்று வாங்கிவிட்டான். டிராயரில் கிடக்கும் கத்தியை அவன் லீவுக்கு வரும்போது காட்ட வேண்டும். நூலை மட்டும் அவிழ்க்க மாட்டேன்.