இலக்கணமும் கணினி வரைபடமும்

“மகன் கொம்பியூட்டர் படிக்கப் போறான். அவனுக்கு ஏன் மாஸ்ரர் இந்த இலக்கணம்?” என்று ஒரு தந்தையார் அண்மையில் வினவினார். நியாயமான வினாவே. விடையாக, அம்மகன் பிற்காலத்தில் எதிர்கொள்ளக்கூடிய ஒரு மொழியைப் பற்றி இங்கு எழுத விழைகிறேன்.

பெரிய நிறுவனங்களுக்கு மென்பொருள் அமைப்போர், வேலை தொடங்குமுன் அந்நிறுவனத்தின் பொருள்கள், ஆட்கள், நடைமுறைகள் ஆகியவற்றைப் படமாக வரைவர். முன்னர் ஆளுக்கொரு குறியீட்டு முறை இருந்தது. பூச், ரம்போ, யாக்கப்சன் என்னும் மூவர் தத்தம் முறைகளை ஒன்றாக்கினர். அதன் பயனாகிய யூ.எம்.எல். என்னும் வரைபட மொழி 1997ஆம் ஆண்டில் பொதுத் தரமாக ஏற்கப்பட்டது.

எல்லாத் துறைக்கும் பொதுவான மொழி எந்தத் துறைக்கும் முற்றாகப் போதாது. இதனை ஆக்கியோர் அறிந்திருந்தனர். ஆதலால் மொழியை விரிக்கும் வழியையும் மொழிக்குள்ளேயே வைத்தனர். ஏற்கெனவே உள்ள ஒரு குறியை எடுத்து, அதன்மேல் « » என்னும் இரட்டைக் கோண அடைப்புக்குள் புதிய பெயர் ஒன்றை எழுதலாம். இதற்கு ஸ்டீரியோடைப் என்று பெயர். அதற்குரிய விவரங்களையும் கட்டுப்பாடுகளையும் சேர்க்கலாம். இத்தகைய பெயர்களின் தொகுதி புரொஃபைல் எனப்படும். நிறுவன மென்பொருளுக்கென்றே எடொக் என்னும் தொகுதி 2004இல் வெளியாயிற்று.

வார நாட்களில் நான் வேலை செய்யும் பண்டகசாலையில் இதனைக் கண்ணாரக் கண்டேன். புதிய கணினி முறைமைக்காக வரையப்பட்ட படத்தில், வாடிக்கையாளர் திருப்பியனுப்பும் பெட்டி வாயிலிலிருந்து நேரே தட்டுக்குச் சென்றது. உண்மையில் இடையில் ஒரு முதியவர் இருக்கிறார். பெட்டியைத் திறந்து, முகர்ந்து, தடவிப் பார்த்து, விற்பதா கழிப்பதா என்று அவரே முடிவு செய்கிறார். படத்தில் அவருக்குப் பெயரில்லை. ஆகவே அவருடைய வேலைக்குக் கணினி நேரமும் ஒதுக்கவில்லை. பழுதான பொருள்கள் சில தட்டேறிய பின்னரே, படம் வரைந்த பெண்மணி எம்மிடம் வந்து விசாரித்தார். செயல் என்னும் பொதுக் குறியின்மேல் «ஆளின் தீர்ப்பு» என்று பொருள்படும் பெயரை இட்டார். யார், எத்தனை நிமிடம் என்னும் விவரங்களைச் சேர்த்தார். இது நிகழாமல் எப்பெட்டியும் தட்டுக்குச் செல்லலாகாது என்ற கட்டுப்பாட்டையும் எழுதினார். அதன் பின்னர்தான் முதியவருக்கு ஒரு மேசையும் விளக்கும் கிடைத்தன.

என் மனத்தைக் கவர்ந்தது வேறொரு விதி. புரொஃபைல் புதிய கட்டுப்பாடுகளைச் சேர்க்கலாம். மூலமொழியின் கட்டுப்பாட்டுக்கு முரணாகலாகாது. அதனைக் கழற்றிவிட்டாலும் அடிப்படைப் படம் சிதையாமல் நிற்கும். தொல்காப்பியர் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என வகுத்து, வடசொல் தமிழெழுத்துக்கு இசைந்து வரவேண்டும் என்றதும் இத்தகைய ஏற்பாடே.

மாணவச் செல்வங்களே, “பஸ்ஸை மிஸ் பண்ணிவிட்டேன்” என்று நீங்கள் கூறும்போது பெரியோர் சிலர் முகஞ்சுளிப்பர். நான் அவ்வளவு வருந்துவதில்லை. வந்த சொல் ‘ஐ’ உருபை ஏற்றிருக்கிறது. வினையும் தன்மை விகுதி பெற்றிருக்கிறது. “அம்மா வந்தான்” என்று கேட்கும்போதுதான் நெஞ்சு திடுக்கிடுகிறது. அங்கே பிறமொழிச் சொல் ஒன்றுமில்லை, முறிந்தது அடித்தளம்.

விரிவுக்கும் எல்லை உண்டு. பொறியியல் முறைமைகளுக்காக யூ.எம்.எல். மொழியை விரித்து அமைத்த சிஸ்எம்எல் 2007இல் வெளிவந்தது. 2025இல் தரமாகிய அதன் இரண்டாம் பதிப்போ அந்த அடித்தளத்தை விட்டுத் தனக்கென வேறொன்றை அமைத்துக்கொண்டது. கருவிமொழிக்கு அது நன்றாகலாம். தாய்மொழிக்கு அவ்வாறு செய்ய என் மனம் ஒப்பவில்லை.

அடுத்த தவணையில் மேல்வகுப்பு மாணவர், நமது பாடசாலையில் நூல் இரவல் பெறும் முறையைப் படமாக வரைந்து வரவேண்டும். பெயர்கள் யாவும் தமிழிலேயே இருத்தல் வேண்டும். கிழிந்த நூல்களை வீட்டுக்கு எடுத்துச் சென்று ஒட்டித் தரும் அம்மாவின் வேலைக்கு என்ன பெயரிடுவது என்பதை நீங்களே கண்டுபிடியுங்கள்.