குரலும் பத்திரமும்

ஓடிஸ் ரெட்டிங்கை முதன்முதலாக ஸ்டாக்ஸுக்காகப் பதிவு செய்த ஜிம் ஸ்டூவர்ட் ஒரு வங்கி ஊழியர். மெம்ஃபிஸ் நகரத்தில் பகலெல்லாம் வங்கியில் உட்கார்ந்துவிட்டு மற்ற நேரங்களில் ஃபிடில் வாசித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர். அவருடைய தமக்கை எஸ்டெல் ஆக்ஸ்டன் வேறொரு வங்கியில் வேலை பார்த்தார். தம்பிக்காக 1958இல் தன் வீட்டை அடமானம் வைத்து ஆம்பெக்ஸ் ஒலிப்பதிவு இயந்திரம் ஒன்று வாங்கிக் கொடுத்தார். இருவர் பெயரிலிருந்தும் ஆங்கில எழுத்துகள் இரண்டிரண்டாக எடுத்துச் சேர்த்து 1961இல் கம்பெனிக்கு ஸ்டாக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். நானும் வங்கிக் குமாஸ்தா என்பதால் இந்தத் தகவலில் எனக்குச் சற்று அதிக அக்கறை உண்டு. எங்கள் வர்க்கத்தில் இதுவரை பெருமையாகச் சொல்லிக்கொள்ள இருந்தவர் எலியட் ஒருவர்தான். லாயிட்ஸ் வங்கியில் 1917 முதல் 1925 வரை இருந்தார். ஆங்கில இலக்கியம் பி.ஏ. படித்தவன் எவனும் அவருடைய 1919ஆம் வருஷத்துக் கட்டுரையைத் தாண்டி வந்திருக்க முடியாது. கவிதை என்பது உணர்ச்சியை அவிழ்த்துவிடுவதல்ல, அதிலிருந்து விலகுவது என்ற கட்சி. தமிழில் புதுக்கவிதைக்காரர்கள் பலர் அந்தக் கட்டுரையைப் படிக்காமலே அதன்படி நடந்துகொண்டார்கள்.

எலியட்டின் கட்சியை வைத்துக்கொண்டு ரெட்டிங்கைக் கேட்க முடியாது. கேட்டால் என் கவிஞ நண்பர் சொன்னதைத்தான் சொல்ல வேண்டிவரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு நான்கு பாட்டுகள் போட்டுக் காட்டினேன். 'தீஸ் ஆர்ம்ஸ் ஆஃப் மைன்', 'பெய்ன் இன் மை ஹார்ட்', 'மிஸ்டர் பிட்டிஃபுல்', 'ஐவ் பீன் லவிங் யூ டூ லாங்'. பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நல்ல குரல்தான். ஆனால் இது அழுகை, சார். அழுகைக்கு விமர்சனம் எதற்கு?" என்றார். இந்தக் கட்டுரை ஒருவகையில் அவருக்குப் பதில்.

1962 அக்டோபரில் ஜார்ஜியா மாநிலத்து மேக்கனிலிருந்து ஜானி ஜென்கின்ஸ் என்ற கிடார்க்காரரின் பதிவுக்காக ஒரு கார் மெம்ஃபிஸ் வந்தது. ஓட்டி வந்தவர் ரெட்டிங். வயது 21. ஜென்கின்ஸின் பதிவு எடுபடவில்லை. நேரம் மீதமிருந்தது. சரி, பாடட்டும் என்று ஓட்டி வந்தவரை மைக்கின் முன் நிறுத்தினார்கள். டிரைவராக வந்து பாடகராகத் திரும்பியவர் என்ற இந்தக் கதை பத்திரிகைகளுக்கு மிகவும் பிடித்த கதை. எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அதற்கு முன்பே மேக்கனில் டக்ளஸ் தியேட்டரின் பாட்டுப் போட்டியில் 15 வாரம் தொடர்ந்து ஜெயித்தவர் அவர். ஜென்கின்ஸின் குழுவிலேயே பாடிக்கொண்டிருந்தவர். 'ஷவுட் பாமலாமா' என்று ஒரு ரிக்கார்டும் வந்து ஓடாமல் போயிருந்தது. தகப்பனாருக்குக் காசநோய். 15 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு, கிணறு தோண்டும் வேலைக்கும் பெட்ரோல் பங்க்குக்கும் போனவர். அதிர்ஷ்டம் என்ற ஒற்றை வார்த்தையில் இவ்வளவையும் போட்டு மூடிவிடுகிறார்கள்.

அன்று அவர் முதலில் பாடியது வேகமான பாட்டு. ஊர்க்காரரான லிட்டில் ரிச்சர்டின் அச்சு அசல் நகல். அங்கிருந்தவர்களுக்கு அதில் சுவாரசியம் தட்டவில்லை. வேறு ஏதாவது உண்டா என்றார்கள். ஸ்டீவ் க்ராப்பரை, அவர் கிடார்க்காரர், பியானோவில் உட்கார வைத்து மும்மூன்றாக விழும் ஸ்வரங்களை மட்டும் விடாமல் அடிக்கச் சொன்னார். 'தீஸ் ஆர்ம்ஸ் ஆஃப் மைன்' அப்படிப் பதிவானது. ஸ்டூவர்ட் அப்போதும் பெரிதாக உற்சாகப்படவில்லை. வோல்ட் என்ற கிளைப் பெயரில் வெளியிட்டார். நாஷ்வில் வானொலியில் ஜான் ஆர். என்று அறியப்பட்ட ரிச்பர்க் அதைத் திரும்பத் திரும்பப் போட்டார். பாட்டின் பதிப்புரிமையில் தனக்கு வரவேண்டிய பங்கை ஸ்டூவர்ட் அவருக்கே எழுதிக் கொடுத்திருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1963இல் பாட்டு கறுப்பர்களின் பட்டியலில் 20ஆம் இடம், பொதுப் பட்டியலில் 85ஆம் இடம். அமெரிக்காவில் அப்போது ரசனைக்கும் இரண்டு பேரேடுகள் வைத்திருந்தார்கள். 1965இன் 'ஐவ் பீன் லவிங் யூ டூ லாங்' ஒன்றில் 2, மற்றதில் 21. அதே வருஷத்து 'ரெஸ்பெக்ட்' 4, 35. உயிரோடிருந்தவரை இரண்டாவது பேரேட்டில் அவர் முதல் இருபதுக்குள் வந்ததே இல்லை.

நண்பர் அழுகை என்றாரே, அதைப் பார்ப்போம். அழுகைக்கு உருவம் கிடையாது. வரும், போகும், மூச்சு முட்டினால் நிற்கும். 'ஐவ் பீன் லவிங் யூ டூ லாங்' அப்படி நடப்பதில்லை. ஜெர்ரி பட்லரோடு சேர்ந்து எழுதிய பாட்டு. சொற்கள் மிகச் சாதாரணம், அச்சில் படித்தால் நண்பரே அதைத் திருப்பி அனுப்பிவிடுவார். பாட்டில், குரல் ஒரு படி ஏறி நிற்கிறது. வாத்தியங்களும் நிற்கின்றன. அந்த இடைவெளியில் எதிரில் இருப்பவள் ஏதாவது சொல்லலாம். சொல்லவில்லை. அடுத்த படி. கீழே அல் ஜாக்ஸனின் டிரம்ஸ் அவசரமே படாமல், அடி விழவேண்டிய இடத்துக்கு ஒரு இழை பிந்தி விழுந்துகொண்டிருக்கிறது. குரல் தவிக்கிறது, தாளம் தவிக்கவில்லை. தாளமும் தவித்திருந்தால் நண்பர் சொன்னது சரியாகியிருக்கும்.

டிரம்பெட்டும் சாக்ஸபோனும் செய்வதையும் கவனிக்க வேண்டும். அந்த வகைப் பாட்டுகளில் பின்பாட்டுக்காரர்கள் இருப்பது வழக்கம். ரெட்டிங் பெரும்பாலும் அவர்களை வைத்துக்கொள்ளவில்லை. அந்த இடத்தை ஊது வாத்தியங்களுக்குக் கொடுத்தார். அவருக்கு ஸ்வரம் எழுதத் தெரியாது. ஒவ்வொரு வாசிப்பாளர் பக்கமும் திரும்பி, அவர் ஊத வேண்டியதை வாயாலேயே பாடிக் காட்டுவார். 1966இல் வந்த 'ஃபா ஃபா ஃபா' என்று தொடங்கும் சோகப்பாட்டு, இந்தப் பாடிக்காட்டலையே பாட்டாக்கிக்கொண்டது. ஆக, குரலுக்குப் பதில் சொல்கிற வாத்தியமும் அவருடைய குரலே. கேட்கிறவரும் அவர், பதிலும் அவர். பதில் ஒருபோதும் சம்மதமாக இருப்பதில்லை என்பதுதான் விஷயம்.

இறைஞ்சுதல் நமக்குப் புதிதல்ல. அகப்பாட்டின் தலைவி குரலை எடுத்துத்தான் நம்மாழ்வார் திருமாலிடம் பேசினார். காதலுக்கென்று இருந்த மொழி கடவுளிடம் போயிற்று. சோல் என்கிற இசையில் நடந்தது இதற்குத் தலைகீழ். கறுப்பர்களின் தேவாலயத்தில் கடவுளை நோக்கி வளர்ந்த குரலை ரே சார்ல்ஸ் 1954இல் பெண்ணின் பக்கம் திருப்பினார். சாம் குக் 1957இல் தேவாலயக் குழுவை விட்டு வெளியே வந்தார். இரண்டு பக்கமும் வைதார்கள். ரெட்டிங்கின் தகப்பனாரும் பிரசங்கியார்தான். எந்தத் திசையில் போனாலும் இந்த மொழிக்கு ஒரு 'நீ' தேவைப்படுகிறது. நம் புதுக்கவிதை முதலில் கைகழுவியது இந்த 'நீ'யைத்தான். நாற்காலி இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் இருக்கிறது. முன்னால் யாரும் இல்லை. யாரிடமும் எதையும் கேட்காமலிருப்பதை நாம் முதிர்ச்சி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கேட்டால் கிடைக்காமல் போகலாம் என்ற பயமும் அதில் கொஞ்சம் இருக்கலாம்.

1965 ஜூலையில் 'ஓடிஸ் ப்ளூ' என்ற இசைத்தட்டு ஏறக்குறைய ஒரே மூச்சில், இரண்டு நாட்களுக்குள் பதிவானது. நடுவில் ஓர் இடைவேளை, வாத்தியக்காரர்கள் இரவுக் கச்சேரிகளுக்குப் போய்வர வேண்டியிருந்ததால். 1964 டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்ட சாம் குக்கின் பாட்டுகள் மூன்று அதில் இருக்கின்றன. குக் வழுக்கிக்கொண்டு போகிற இடங்களில் ரெட்டிங் தடுக்கி விழுந்து எழுந்து போகிறார். எனக்கு குக்கின் குரல்தான் அழகு. ஆனால் திரும்பத் திரும்பக் கேட்பது ரெட்டிங்கை. 'ரெஸ்பெக்ட்' அதே தட்டில் உள்ளது. வேலை முடிந்து வீட்டுக்கு வரும் ஆம்பளை, தனக்கு ஒரு மரியாதை வேண்டும் என்று கேட்கிற பாட்டு. கெஞ்சுகிறானா மிரட்டுகிறானா என்பது அவனுக்கே தெரியாது. 1967 பிப்ரவரியில் அரெத்தா ஃப்ராங்க்ளின் அதை எடுத்துக்கொண்டார். பெண் அதைப் பாடியதும் பாட்டின் அஸ்திவாரமே மாறிவிட்டது. இரண்டு பேரேட்டிலும் முதலிடம். அவள் அதைப் பறித்துக்கொண்டு போய்விட்டாள் என்று ரெட்டிங் அந்த ஜூனில் மான்டெரி விழா மேடையில் சிரித்துக்கொண்டே சொன்னார். 1932இல் வெள்ளைக்கார எழுத்தாளர்கள் எழுதிய 'ட்ரை எ லிட்டில் டெண்டர்னெஸ்' பாட்டை அவரும் அப்படிப் பறித்தவர்தான். ஒரு மரியாதைப்பட்ட மாலைநேரப் பாட்டு அது. அவர் கையில் முனகலாகத் தொடங்கி, முடிவில் சொற்கள் உதிர்ந்து வெறும் அசைகளாகிவிடுகிறது.

மான்டெரிக்குப் பிறகு தொண்டையில் அறுவைச் சிகிச்சை. சில வாரங்கள் பேசக்கூடாது. நவம்பர், டிசம்பரில் பதிவு செய்த 'டாக் ஆஃப் தி பே' பாட்டில் அவர் யாரிடமும் கெஞ்சவில்லை. உட்கார்ந்து அலையைப் பார்க்கிறார், கடைசியில் விசிலடிக்கிறார். 1967 டிசம்பர் 10 அன்று விஸ்கான்சினில் மாடிசன் நகருக்குப் பக்கத்து மொனோனா ஏரியில் விமானம் விழுந்தது. வயது 26. கூட வந்த பார்-கேஸ் குழுவினரில் அந்த விமானத்தில் இருந்தவர்களில் டிரம்பெட் வாசித்த பென் காலி ஒருவர்தான் பிழைத்தார். ஜனவரியில் பாட்டு வெளிவந்தது. மார்ச்சில் இரண்டு பேரேட்டிலும் முதலிடம். அலையோசையையும் கடற்பறவைச் சத்தத்தையும் க்ராப்பர் பிறகு சேர்த்தார்.

இனி பத்திரம். ஸ்டாக்ஸின் ரிக்கார்டுகளை நாடெங்கும் விற்றுக் கொடுத்தது நியூயார்க்கின் அட்லாண்டிக் கம்பெனி. கைகுலுக்கலில் நடந்துவந்த ஏற்பாட்டை 1965இல் எழுத்தில் போட்டார்கள். 1967இல் அட்லாண்டிக்கை வார்னர் நிறுவனம் வாங்கியது. ஸ்டூவர்ட் பத்திரத்தை எடுத்துப் பார்க்க வேண்டிய சந்தர்ப்பம் வந்தது. அட்லாண்டிக் விநியோகித்த மூலப்பதிவுகள் அத்தனையும் அட்லாண்டிக்குக்கே சொந்தம் என்று அதில் இருந்தது. ரெட்டிங்கின் குரல் முழுவதும் அதில் அடக்கம். அந்தப் பகுதியைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார். வங்கியில் வேலை பார்த்த மனிதர் எப்படிப் படிக்காமல் போட்டார் என்று எழுதுகிறவர்கள் ஆச்சரியப்படுகிறார்கள். வங்கியில் வேலை பார்க்கிற எனக்கு ஆச்சரியமில்லை. படிக்காமல் கையெழுத்து வாங்குவதுதான் என் உத்தியோகத்தில் பாதி. ஜாமீன்தாரர் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைப்பேன். விரலால் தொட்டுக் காட்டுவேன், அவ்வளவுதான். சில வருஷங்களுக்கு முன் ஒரு பெரியவர், மருமகனுக்கு ஜாமீன் நிற்க வந்தவர், "படிச்சுட்டுப் போடறேனே தம்பி" என்றார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதல் பக்கத்தை ஆரம்பித்தார். ஆங்கிலம். நிதானமாக எழுத்துக் கூட்டினார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. மருமகன் தலையைக் குனிந்துகொண்டான். இரண்டாவது பக்கத்தில் பெரியவர் நிமிர்ந்து, வரிசையைப் பார்த்து, என்னைப் பார்த்து, "எங்க போடணும்?" என்றார். காட்டினேன்.

ஸ்டூவர்ட்டும் அப்படித்தான் போட்டிருப்பார். எதிரில் இருந்தது ஜெர்ரி வெக்ஸ்லர், சிநேகிதர். சிநேகிதரின் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படிப்பது சந்தேகப்படுவது ஆகிவிடும். மரியாதைக்காகப் போட்ட கையெழுத்து. ரெட்டிங்கின் குரலில் இருப்பதும், அந்தக் கையெழுத்தில் இருப்பதும் ஒரே குணம் என்று எனக்குத் தோன்றுகிறது. நம்பி முன்னால் நிற்பது. ஒன்று கலையாயிற்று, மற்றது நஷ்டமாயிற்று. இதை எந்த விமர்சனக் கோட்பாட்டில் வைப்பது என்று நண்பர் கேட்பார். கேட்கட்டும்.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். ஸ்டாக்ஸ் கடனில் மறுபடி எழுந்தது, கடனிலேயே விழுந்தது. கடன் கொடுத்தது எஸ்டெல் ஒரு காலத்தில் வேலை பார்த்த அதே யூனியன் ப்ளான்டர்ஸ் வங்கி. ஸ்டூவர்ட் தன் சொத்தை ஜாமீனாக வைத்து இழந்தார். 1975 டிசம்பரில் கம்பெனியைத் திவாலாக்கிக் கதவைப் பூட்டினார்கள். மெக்லமோர் அவென்யூவில் இருந்த ஸ்டூடியோ உண்மையில் ஒரு பழைய சினிமா கொட்டகை. திரைக்காக அமைத்த தரைச் சரிவைச் சமமாக்கப் பணமில்லாமல் அப்படியே விட்டிருந்தார்கள். அந்த ரிக்கார்டுகளில் வாத்தியங்களைச் சுற்றிக் கேட்கும் காற்று அந்தச் சரிவால் வந்தது என்கிறார்கள். கட்டடத்தை 1989இல் இடித்தார்கள். 2003இல் அதே இடத்தில் அருங்காட்சியகம் கட்டியபோது ஸ்டூடியோவைப் பழையபடியே அமைத்தார்கள். சரிவையும் விடவில்லை. ஸ்டூவர்ட் பொதுவில் அதிகம் தலைகாட்டாமல் இருந்துகொண்டார். 2018இல் அங்கே வந்து தன் ஃபிடிலைக் கொடுத்துவிட்டுப் போனார். 2022 டிசம்பரில் இறந்தார். வயது 92.