கொரியாவில் ஆங்கில ஆசிரியர் வேலை: புறப்படும் முன்னும் போன பின்னும்

தென் கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்கப் போக நினைப்பவரின் தகுதியை முதலில் தீர்மானிப்பது அவருடைய பாஸ்போர்ட். ஆங்கிலப் புலமை அதற்கு அடுத்துதான் வருகிறது. மொழி ஆசிரியர்களுக்கு வழங்கப்படும் இ-2 விசா, ஆங்கிலத்தைப் பொறுத்தவரை, அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் குடிமக்களுக்கானது. டொராண்டோவிலோ சிட்னியிலோ வளர்ந்த ஈழத் தமிழ்ப் பிள்ளை இதில் விண்ணப்பிக்கலாம். டர்பனில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பத்துப் பெண்ணும் விண்ணப்பிக்கலாம். சென்னையில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலை முடித்துப் பல வருடம் பாடம் நடத்தியவரால் இந்த வழியில் போக முடியாது. அவருக்கு வேறொரு குறுகிய வழி உண்டு. 2010 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள இந்திய-கொரியப் பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தத்தின்படி, பட்டமும் ஆசிரியர் பயிற்சிச் சான்றும் உள்ள இந்தியர் கொரியப் பள்ளிகளில் ஆங்கிலத் துணையாசிரியராகச் சேரலாம்.

பாஸ்போர்ட்டை வைத்து மொழித்திறனை அளப்பது நியாயமில்லை. ஆனால் தூதரகத்தில் வாதாடி மாற்றக்கூடிய விதியும் அல்ல அது. "முதலில் சுற்றுலாவாக வந்து சேருங்கள், வேலை கிடைத்ததும் விசாவைப் பார்த்துக்கொள்ளலாம்" என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் பேச்சை அங்கேயே முறித்துக்கொள்ள வேண்டும். அப்படிப் போய்ப் பிடிபட்டால் அபராதம், வெளியேற்றம், மறுபடி நுழையத் தடை எல்லாம் வந்து விழுவது ஆசிரியர் தலையில்தான். வேலைக்கு எடுத்தவர் கையை விரித்துவிடுவார்.

தகுதி உள்ளவர் அடுத்து இறங்க வேண்டியது ஆவண வேலையில். இளங்கலைப் பட்டம் கட்டாயம். எந்தப் பாடமானாலும் பரவாயில்லை. பட்டச் சான்றின் நகலும் சொந்த நாட்டின் தேசிய அளவிலான குற்றப் பதிவுச் சான்றும், அவற்றை வெளிநாட்டிலும் செல்லுபடியாக்கும் அப்போஸ்டில் முத்திரையோடு இருக்க வேண்டும். அமெரிக்கர் என்றால் எஃப்.பி.ஐ. கொடுக்கும் சான்றுதான் செல்லும். மாநிலக் காவல்துறைச் சான்றை ஏற்கமாட்டார்கள். தென்னாப்பிரிக்கர், தாம் ஏழாம் வகுப்பு முதல் பட்டப்படிப்பு வரை ஆங்கில வழியில் படித்ததைப் பள்ளி, கல்லூரிக் கடிதங்களால் நிரூபிக்க வேண்டியிருக்கும். இந்தியர் பாஸ்போர்ட் அலுவலகத்தில் காவல்துறைச் சான்று பெற்று, பட்டத்துக்கு மாநில அளவில் சான்றொப்பம் வாங்கி, அதன் பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டிலுக்குப் போக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். குற்றப் பதிவுச் சான்று பழசாகிவிட்டால் செல்லாது என்பதால், வேலை தேடத் தொடங்கும் காலத்தை ஒட்டியே அதை எடுப்பது நல்லது. இந்தக் கெடுபிடி 2007 கடைசியில் இறுகியது. குழந்தைகளிடம் பாலியல் குற்றம் செய்து இன்டர்போல் தேடிய ஒருவர், அதுவரை கொரியாவில் ஆசிரியராக இருந்தவர் என்று தெரியவந்ததும் நாடே கொதித்துப்போனது. அன்று சேர்த்த கட்டாய எச்.ஐ.வி. பரிசோதனையை 2017இல் கைவிட்டார்கள். போதைப்பொருள் பரிசோதனை உட்பட மற்ற மருத்துவச் சோதனைகள் இன்றும் உண்டு.

வழக்கமாக மருந்து சாப்பிடுகிறவர் இந்தக் கட்டத்திலேயே விசாரித்துவிட வேண்டும். கவனக்குறைவு நோய்க்குச் சில நாடுகளில் சாதாரணமாக எழுதிக் கொடுக்கும் ஆம்பெட்டமைன் மாத்திரைகளுக்குக் கொரியாவில் தடை. மருத்துவர் சீட்டு இருந்தாலும் விமான நிலையத்தில் சிக்கல்தான்.

வேலை பெரும்பாலும் இரண்டு இடங்களில் கிடைக்கிறது. ஒன்று அரசுப் பள்ளி. 1995இல் தொடங்கிய எபிக் என்ற அரசுத் திட்டம் வெளிநாட்டு ஆசிரியர்களைத் தேர்ந்தெடுத்து மாகாணக் கல்வி அலுவலகங்களுக்கு அனுப்புகிறது. கொரியக் கல்வியாண்டு மார்ச்சில் தொடங்குவதால் பெரிய சேர்க்கை பிப்ரவரி கடைசியிலும் அடுத்தது ஆகஸ்ட் கடைசியிலும் நடக்கும்; விண்ணப்பம் அதற்குப் பல மாதம் முன்பே போயிருக்க வேண்டும். வாரத்துக்கு 22 மணி நேரம் வகுப்பு. மீதி நேரமும் பள்ளியில்தான் இருக்க வேண்டும். மாணவர்களுக்கு விடுமுறை விட்டாலும் ஆசிரியருக்கு அத்தனை நாளும் விடுப்பு இல்லை. காலியான பள்ளியில் மேசைக்கு முன் உட்கார்ந்திருக்கும் நாட்கள் நிறைய வரும்.

மற்றொன்று ஹாக்வொன், அதாவது தனியார் டியூஷன் நிறுவனம். கொரியாவில் தெருவுக்குத் தெரு ஹாக்வொன் இருக்கும். சியோலின் தேச்சிதோங் பகுதி இவற்றுக்காகவே பெயர் பெற்றது. நவம்பரில் நடக்கும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கேட்புப் பகுதி நடக்கும்போது நாடு முழுக்க விமானங்கள் ஏறுவதையும் இறங்குவதையும் நிறுத்திவைக்கிறார்கள். அந்தப் பரீட்சையின் மேல் பெற்றோருக்குள்ள பயம்தான் ஹாக்வொன்களின் முதலீடு. பள்ளி விட்டுவரும் பிள்ளைகளுக்காக நடப்பதால் வேலை மதியம் தொடங்கி இரவு வரை போகும். எந்த மாதமும் ஆள் எடுப்பார்கள், ஊரையும் ஓரளவு நாமே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் விடுப்பு குறைவு. நல்ல ஹாக்வொன்கள் பல உண்டு. ஆனால் பிள்ளைகள் குறைந்துவரும் நாட்டில் சேர்க்கை சரிந்து திடீரென்று கடையை மூடுகிறவையும் உண்டு. 2023இல் கொரியப் பெண் ஒருவருக்குச் சராசரிக் குழந்தைப்பேறு 0.72, அதன் பாதிப்பு முதலில் தெரிவது வகுப்பறையில். முதல் தடவை போகிறவருக்கு அரசுப் பள்ளியே பாதுகாப்பானது.

விண்ணப்பத்தோடு புகைப்படம் கேட்பது அங்கே வழக்கம். அதைப் பார்த்தே வெள்ளைத் தோல்காரரை எடுக்கும் ஹாக்வொன்கள் இருக்கின்றன. கனடா பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர் இதைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும். நேர்காணலில் ஒரு நிறுவனத்தின் குரல் இதனால் மாறுகிறது என்று பட்டால், அந்த இடத்தில் ஓராண்டைக் கழிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

இத்தனையிலும் அதிகம் நேரம் செலவழித்துப் படிக்க வேண்டியது ஒப்பந்தத்தை. இ-2 விசா வேலை கொடுத்தவரோடு கட்டப்பட்டது. ஆண்டு முடியும் முன் இடம் மாற வேண்டுமானால் அவர் விடுவிப்புக் கடிதம் தர வேண்டும். கடிதம் தராத முதலாளியிடம் மாட்டிக்கொண்டவர் நாட்டை விட்டுக் கிளம்புவதைத் தவிர வேறு வழி தெரியாமல் நிற்பார். ஆகவே கையெழுத்துக்கு முன்பே அதே நிறுவனத்தில் இப்போது வேலை செய்யும் வெளிநாட்டு ஆசிரியர் ஒருவரோடு தனியாகப் பேச அனுமதி கேட்க வேண்டும். சம்பளம் சொன்ன தேதியில் வருகிறதா, வீட்டில் பூஞ்சை பிடித்திருக்கிறதா, சனிக்கிழமை வகுப்பு உண்டா என்று அவரிடம் கேட்கலாம். பேசவே விட மறுத்தால் அதுவே பதில்.

சம்பளம் தொடக்கநிலை ஆசிரியருக்குப் பெரும்பாலும் மாதம் 20 லட்சம் வோனுக்கு மேல், 30 லட்சத்துக்குள். இதில் கண் வைக்க வேண்டிய எண் ஒன்று உண்டு: 3.3. ஊழியரின் சம்பளச் சீட்டில் வருமான வரி, அதில் பத்தில் ஒரு பங்கான உள்ளூர் வரி, தேசிய ஓய்வூதியம், உடல்நலக் காப்பீடு, அதோடு ஒட்டிய முதியோர் பராமரிப்புக் காப்பீடு என்று தனித்தனிக் கழிப்புகள் இருக்கும். ஓய்வூதியத்திலும் காப்பீட்டிலும் பாதியை முதலாளி போடுகிறார். அவற்றுக்குப் பதிலாக 3.3 சதவீதம் என்று ஒரே ஒரு கழிப்பு மட்டும் இருந்தால், ஆசிரியரை ஊழியராகக் காட்டாமல் சுயதொழில் செய்பவராகப் பதிந்திருக்கிறார்கள் என்று பொருள். கைக்குக் கொஞ்சம் கூடுதலாக வருவதைப் பார்த்து மகிழ்ந்துபோகக் கூடாது. ஓய்வூதியமும் காப்பீட்டில் முதலாளியின் பங்கும் போய்விட்டன. ஓராண்டு முடிந்தால் சட்டப்படி கிடைக்க வேண்டிய ஒரு மாதச் சம்பள அளவிலான பணிக்கொடையும் தகராறுக்குள் போய்விடும். பதினோராவது மாதத்தில் ஏதோ காரணம் சொல்லி அனுப்பிவிடும் பழைய தந்திரமும் இந்தப் பணிக்கொடையை மிச்சம் பிடிக்கத்தான். தொழிலாளர் அலுவலகம் ஒப்பந்தத்தில் போட்ட பெயரை விட உண்மையில் நடந்த வேலையைத்தான் பார்க்கும். 1350 என்ற எண்ணில் விசாரிக்கலாம். விசா சந்தேகங்களுக்கு 1345. சம்பளச் சீட்டையும் வேலை நேரக் குறிப்பையும் முதல் மாதத்திலிருந்தே சேர்த்துவைத்தவர் பேச்சுத்தான் அங்கே எடுபடும்.

விசாவில் குறித்த இடத்துக்கு வெளியே காசுக்கு டியூஷன் எடுப்பது குற்றம். பக்கத்து வீட்டுத் தாய் அன்பாகக் கேட்டாலும் மறுத்துவிட வேண்டும்.

போய் இறங்கியதும் செய்ய வேண்டியது வசிப்பிட அட்டைக்குப் பதிவது. சட்டம் 90 நாள் தருகிறது. அந்த அட்டை இல்லாமல் கைபேசித் திட்டம், இணைய வங்கி, இணையவழி வாங்குதல் எல்லாம் தடுமாறும். எனவே குடிவரவு அலுவலக முன்பதிவை முதல் வாரத்திலேயே போட்டுவிடுவது நல்லது. முதல் சம்பளம் வர ஒரு மாதம் ஆகும். எபிக் நுழைவுப் படியாக 13 லட்சம் வோனும் குடியேற்றப் படியாக 3 லட்சம் வோனும் தருகிறது. அதுவும் உடனே கைக்கு வராது. முதல் ஆறு மாதத்துக்குள் விலகினால் நுழைவுப் படியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆறு வாரச் செலவுக்காவது சொந்தப் பணம் கையில் வேண்டும்.

வீடு பெரும்பாலும் வேலை கொடுத்தவரே தரும் ஒற்றை அறை. அடுப்பும் துணி துவைக்கும் இயந்திரமும் ஒரே சுவரோரம் இருக்கும். குளியலறையில் தடுப்பு இராது. குளித்தால் தரை முழுக்க நனையும். குளிர்காலத்தில் சுடுநீர்க் குழாய் ஓடும் ஒன்டோல் தரைதான் அறையைச் சூடாக்கும். சியோலில் ஜனவரி இரவுகள் சர்வசாதாரணமாகப் பூஜ்யத்துக்குக் கீழே 10 பாகை வரை இறங்கும். எரிவாயுக் கட்டணத்தைப் பார்த்து மலைக்காமல் இருக்க, வெளியே போகும்போது சூட்டை முழுக்க அணைக்காமல் குறைத்துவைப்பது அங்குள்ளவர்கள் வழக்கம். குப்பைக்கும் முறை உண்டு. 1995 முதல் அளவுக்குத் தகுந்த கட்டணம்: அந்தந்த மாவட்டம் அச்சிட்ட பையைக் கடையில் காசு கொடுத்து வாங்கி, அதில் போட்டால்தான் எடுப்பார்கள். உணவுக் கழிவு தனி, கண்ணாடி, காகிதம், பிளாஸ்டிக் தனித்தனி. பக்கத்து மாவட்டத்துப் பை இங்கே செல்லாது. அக்கம்பக்கத்தாரோடு முதல் மனத்தாங்கல் பெரும்பாலும் இந்தப் பையால்தான் வரும்.

பள்ளி வாசலில் செருப்பைக் கழற்றி உள்ளே போடும் செருப்புக்கு மாற வேண்டும். சொந்தமாக ஒரு ஜோடி கொண்டுபோவது நல்லது. எதையும் இரண்டு கையால் கொடுப்பது, பெரியவர்களுக்குத் தலை குனிவது எல்லாம் தமிழருக்குப் பழக்கமானவையே. கொரியாவில் 1997 முதல் மூன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் கட்டாயம். அரசுப் பள்ளி வகுப்பில் கொரிய ஆசிரியர் ஒருவரும் கூடவே நிற்பார். பாடம், விடுப்பு, வங்கி, மருத்துவமனை எல்லாவற்றுக்கும் புதியவர் அவரையே நாடுவார். ஆனால் அவருடைய வேலைப் பளுவில் இது கூடுதல் சுமை, பல பள்ளிகளில் இதற்காகத் தனி ஊதியமும் இல்லை. கேட்க வேண்டியவற்றைச் சேர்த்துவைத்து ஒரே தடவையில் கேட்பது அவருக்குச் செய்யும் மரியாதை.

சைவ உணவுக்காரர் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். கிம்ச்சியில் பெரும்பாலும் உப்பிட்ட இறால் அல்லது மீன் சாறு இருக்கும். குழம்புக்கு நெத்தலி கொதித்த நீர்தான் அடிப்படை. பள்ளி மதிய உணவுக்கு ஆசிரியரிடமும் மாதப் பணம் பிடிப்பார்கள். அதற்கு மாதாந்திரப் பட்டியல் உண்டு; ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் பக்கத்தில் ஒவ்வாமை எண்கள் இருக்கும். எந்த எண் இறால், எது கோழி என்று கற்றுக்கொண்டால் பட்டியலை ஒரு நிமிடத்தில் வாசித்துவிடலாம். சாப்பிட முடியாதவர் தொடக்கத்திலேயே சொல்லி, பிடித்தத்தை நிறுத்தி, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வரலாம்.

ஆண்டு முடிந்து கிளம்பும்போது பணிக்கொடை 14 நாளுக்குள் வர வேண்டும் என்பது சட்டம். அமெரிக்க, கனடா, ஆஸ்திரேலியக் குடிமக்கள் ஓய்வூதியப் பணத்தையும் மொத்தமாகத் திரும்பப் பெறலாம். விமானச் சீட்டோடு போய் முன்கூட்டியே விண்ணப்பித்தால் இன்சியோன் விமான நிலையத்திலேயே வாங்கிக்கொள்ளும் வசதி உண்டு. எரிவாயுக் கணக்கை முடித்து, கைபேசித் திட்டத்தை ரத்து செய்ய வேண்டும். வங்கிக் கணக்கை மட்டும் கடைசித் தொகை வந்து சேரும்வரை மூடக்கூடாது. பணிச் சான்றுக் கடிதத்தைப் பள்ளியில் இருக்கும்போதே முத்திரையோடு வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்த வேலைக்கு அது கேட்கப்படும். ஹாக்வொன் மூடிப்போன பிறகு அதைத் தர ஆள் இருக்காது.