மெழுகில் படித்த கை

கன்னியாகுமரி மாவட்டத்துப் புதுக்கடையில் ஒரு கடை மாடியில் இருக்கிறது அந்தப் பல் ஆஸ்பத்திரி. படியேறும்போதே கிராம்பு மணக்கும். பல் செட்டுக்கு அளவெடுக்கும் பசையில் துத்தநாக ஆக்சைடோடு கிராம்பெண்ணெயின் சத்தான யூஜினாலைக் குழைக்கிறார்கள். மணம் அதிலிருந்து வருகிறது. இதே மாவட்டத்து மாறாமலைப் பக்கம் விளையும் கிராம்புக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

நான் போன அன்று நாற்காலியில் எண்பது கடந்த பெரியவர் ஒருவர் இருந்தார். வாயில் ஒரு பல்கூட இல்லை. டாக்டரம்மாவுக்கு முப்பதுக்குச் சற்று மேல் இருக்கலாம். அவர் கையில் இருந்தது முடிந்த செட்டு அல்ல. இளஞ்சிவப்பு மெழுகில் பற்களை வரிசையாக நிறுத்தி, போட்டுப் பார்ப்பதற்காகச் செய்தது.

அதை வாயில் பொருத்திவிட்டு, "பாட்டா, ஏதாவது பேசுங்க" என்றார்.

"என்னத்தப் பேச மக்களே?"

"பழைய கதை எதாவது சொல்லுங்க."

அவர் நேரே 1954-க்குப் போனார். தென் திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டு நடந்த போராட்டம். ஆகஸ்ட் 11-ஆம் தேதி இதே புதுக்கடையில் போலீஸ் சுட்டது. அன்று அவர் சிறுபையன். "சத்தம் கேட்டதும் எங்கம்மை என்னை உள்ள இழுத்துப் போட்டா..." நான் கதையில் மூழ்கிவிட்டேன். டாக்டர் 'சத்தம்' என்ற சொல்லைக் கவனித்துக்கொண்டிருந்தார். சகரம் வரும்போது விசில் அடிக்கிறதா, பேச்சின் நடுவே மேல்வரிசையும் கீழ்வரிசையும் இடித்துக்கொள்கின்றனவா என்று உதட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மெலிதாக ஒரு விசில் விழுந்தது. செட்டை வெளியே எடுத்தார். ஸ்பிரிட் விளக்கில் மெழுகுக் கத்தியைக் காட்டி, மேல் முன்பற்களுக்குப் பின்னால் ஒரு துளி மெழுகு கூட்டி, வழித்து, திரும்ப வாயில் வைத்தார். கதை முதலிலிருந்து தொடங்கியது. மூன்றாம் தடவை 'சத்தம்' சுத்தமாக வந்தது.

இந்தக் கை எங்கே படிந்தது என்று கேட்டேன். "குலசேகரத்துல. முதல் வருஷம் முழுக்க மெழுகுதான்." புதுக்கடையிலிருந்து மார்த்தாண்டம் போய் பஸ் மாறி மூகாம்பிகா பல் மருத்துவக் கல்லூரிக்குப் போய்வந்தவர் அவர். பிடிஎஸ் நான்கு வருடப் படிப்பு, அதன் பிறகு ஒரு வருடம் பயிற்சி மருத்துவர். முதல் வருடத்தில் உடற்கூறியல், உடலியங்கியல் எல்லாம் உண்டு. ஆனால் பிள்ளைகளை அழவைப்பது மெழுகுக் கட்டி. மேல்தாடையின் நடு முன்பல் என்றால் தலைப்பகுதி பத்தரை மில்லிமீட்டர், வேர் பதின்மூன்று. அந்த அளவுக்குச் செதுக்கிக் காட்ட வேண்டும். மேல்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லில் நான்கு மேடுகள், அவற்றுக்கு நடுவே ஓடும் பள்ளங்கள், சிலருக்கு மட்டும் உள்பக்கம் துருத்தும் ஐந்தாவது சிறு மேடு. ஒரு முனை உடைந்தால் புதுக் கட்டி எடுத்து ஆரம்பிக்க வேண்டியதுதான். இரண்டாம் வருடம் பொம்மைத் தலையின் வாய்க்குள் வேலை. மூன்றாம் வருடத்தில்தான் உயிருள்ள வாய். இத்தனை பல் அடைத்திருக்க வேண்டும், இத்தனை எடுத்திருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. அதை முடிக்கச் சொந்தக்காரர்களை எல்லாம் பஸ் ஏற்றிக் கூட்டிப்போவார்களாம். "நான் முதல்ல அடைச்சது எங்கம்மை பல்லை."

இவ்வளவையும் படித்து வந்தவரிடம் ஊர் கேட்கிற கேள்வி, "எம்பிபிஎஸ் கிடைக்கல்லியா?" இந்தக் கேள்வி எனக்குக் கோபத்தைத் தருகிறது. 1920-இல் கல்கத்தாவில் ஆர். அகமது என்பவர் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். ஆரம்பச் செலவுக்குத் தான் நடத்திய ஐஸ்கிரீம் கடையின் வருமானத்தைப் போட்டார். சென்னையில் அரசுக் கல்லூரி 1953-இல் வந்தது. இன்று நாட்டில் முந்நூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. இருந்தும் இந்தப் படிப்பை இரண்டாம்தரமாகவே நினைக்கிறோம். ஒரு மில்லிமீட்டர் பிசகினால் ஒரு மனிதரின் சாப்பாடும் பேச்சும் கெடும் வேலை இது.

பெரியவரின் மெழுகு செட்டு அன்றைக்கே மார்த்தாண்டத்து லேபுக்குப் போனது. அங்கே பல் மெக்கானிக் அதை உலோகப் பெட்டிக்குள் பிளாஸ்டர் சாந்தில் புதைப்பார். கொதிநீரில் வைத்தால் மெழுகு உருகி வெளியேறும். பற்கள் சாந்தில் பிடித்துக்கொண்டு நிற்கும். காலியான இடத்தில் அக்ரிலிக் மாவை அடைத்து அழுத்தி, வெந்நீரிலேயே வேகவைப்பார். பிறகு ராவி மெருகேற்றும்போது பறக்கும் தூள் அவர் மூச்சில் போகிறது. செட்டு போட்டுக்கொள்பவர்கள் அவர் முகத்தைப் பார்ப்பதே இல்லை.

அடுத்து அண்டி ஆபீசில் முந்திரி உடைக்கும் ஓர் அம்மா வந்து உட்கார்ந்தார். இடது கீழ்க் கடைவாய்ப் பல். "பிடுங்கிப் போடுங்க டாக்டரே, எழவு நோவு தாங்க முடியல." டாக்டர் உடனே பல்லுக்குப் போகவில்லை. மூன்று விரலை நிமிர்த்தி வாய்க்குள் வைக்கச் சொன்னார், கன்னத்தின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். வெற்றிலை பாக்கு போடுகிற ஊர் இது. பாக்கு தொடர்ந்து மென்றால் கன்னச் சதை இறுகி, வாய் மூன்று விரலுக்குத் திறக்காமல் போகும். புகையிலை சேராவிட்டாலும் பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும். இவருக்கு விரல்கள் நுழைந்தன.

"வேர் நல்லா இருக்கு அம்மா, காப்பாத்திரலாம்" என்று எக்ஸ்ரேயைக் காட்டிப் பத்து நிமிடம் பேசினார். பிடுங்கியிருந்தால் அந்த நேரத்தில் வேலையே முடிந்திருக்கும். பிறகு மரப்பு ஊசி. பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மூட ஒரு ரப்பர் விரிப்பு. நியூயார்க்கில் பார்னம் என்ற பல் மருத்துவர் 1864-இல் கண்டுபிடித்த முறை. ரப்பர் மரங்களுக்கு நடுவே வளர்ந்த அந்த அம்மா விரிப்பைத் தொட்டுப் பார்த்து, "இது நம்ம பாலா?" என்று கேட்டார். டாக்டர் சிரித்துத் தலையாட்டினார். வேருக்குள் மூன்று குழாய்கள். முடியைவிடச் சற்றே தடித்த ஃபைலை விரல் நுனியில் பிடித்து, கால் சுற்று திருப்பி, இழுத்து, மருந்துநீர் விட்டுக் கழுவி, திரும்ப இறக்கினார். உள்ளே எங்கே தடுக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குத்தான் தெரியும்.

"இப்ப நோவு இல்ல, இனி வராண்டாமா?" என்று கேட்டார் அந்த அம்மா. பாதியில் விட்டால் உள்ளே சீழ் பிடிக்கும், வேரை அடைத்துக் கேப் போட்டால்தான் வருடக்கணக்கில் நிற்கும் என்று டாக்டர் திரும்பவும் பொறுமையாகச் சொன்னார். பணத்தை மூன்று தவணையாகத் தரலாம் என்றார். சனிக்கிழமை வரச் சொன்னபோது, அன்றைக்குக் கூலி போடுகிற நாள், லீவு எடுக்க முடியாது, திங்கட்கிழமை வேலை விட்டு வருகிறேன் என்றார் அவர். திங்கள் மாலைக்கு அவர் பேரை எழுதிக்கொண்டார்கள்.