மஞ்சளடித்த தாளடி

தாராசுரம்,
கார்த்திகை மாதம், ஞாயிறு இரவு

என் வித்யாக் கண்ணுக்கு,

பெரியம்மாவின் ஆசிகள். நேற்று நீ போனில் புலம்பியதற்கெல்லாம் அப்போதே பதில் சொல்லியிருப்பேன். உன் பெரியப்பா பக்கத்தில் டிவியை அலறவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், என்னத்தைப் பேசுவது? அதனால்தான் கடிதம். இது கோயம்புத்தூர் வந்து சேர்வதற்குள் நீ இன்னொரு தரம் புலம்பியிருப்பாய், எனக்குத் தெரியாதா.

"புரதம் எப்படி நீளுதுன்னு கேட்டா சொல்லிடுவேன் பெரியம்மா, அது ஆரம்பிக்கிறதுக்கே முப்பது பக்கமா?" என்றாய். ஆமாம்டி, முப்பது பக்கம்தான். புரதம் கோப்பதில் செல்லுக்கு இருக்கும் கட்டுப்பாட்டில் பெரும்பங்கு அந்த ஆரம்பத்தில்தான் இருக்கிறது. பாதிச் சங்கிலி கோத்த பிறகு நிறுத்தினால் போட்ட அமினோ அமிலமும் சக்தியும் வீண். வேண்டுமா வேண்டாமா என்பதை வாசலிலேயே முடிவு செய்துவிடுவது அதற்கு லாபம். நீயோ தொடக்கக் காரணிகளின் பெயரை எண் வரிசையில் நெட்டுருப் போடுகிறாய். ஸ்கூலிலும் இப்படித்தான் தாவரக் குடும்பங்களை ஒப்பித்துவிட்டு, வாசலில் நின்ற ஊமத்தையைக் காட்டினால் முழித்தாய்.

இங்கே ஒரு சங்கதி நடந்திருக்கிறது, கேள். அரசலாற்றுப் பக்கத்து ஆறு மாவில் வடக்கோரம் தாளடிப் பயிர் குட்டையாகி, இலை நுனியிலிருந்து மஞ்சளும் ஆரஞ்சுமாக மாறிக்கொண்டு வருகிறது. உன் பெரியப்பா சத்துக் குறைவு என்று யூரியா மூட்டையைப் பிரிக்கப் போய்விட்டார். நான் விடவில்லை. வெயில் ஏறுவதற்கு முன்னால் இலை நுனிகளைக் கிள்ளிவரச் சொல்லி, அயோடின் கரைசலில் வெட்டுவாயை நனைத்து வைத்தேன். கால் மணி நேரத்தில் கருநீலக் கோடுகள்! இலையில் மாவுச்சத்து தங்கிவிட்டது என்று அர்த்தம். துங்ரோ நோய்தான். மனுஷர் ஒரு வார்த்தை பேசாமல் மூட்டையைக் கட்டி வைத்தார். அப்படி அவர் பேசாமல் இருந்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

துங்ரோவைக் கொண்டுவருவது பச்சைத் தத்துப்பூச்சி. நோய்க்குக் காரணம் இரண்டு வைரஸ்கள். கோல் வடிவத்தது பயிரை வாட்டுகிறது. உருண்டை வடிவத்தது தனியாக இருந்தால் பெரிதாக ஒன்றும் செய்யாது, ஆனால் அது துணைக்கு இல்லாமல் பூச்சியால் கோல் வைரஸைச் சுமக்க முடியாது. இனிமேல்தான் உன் முப்பது பக்கம் வருகிறது.

நெல்லின் செல்லில் புரதம் தொடங்க வேண்டுமானால், எம்.ஆர்.என்.ஏ.வின் முன்முனையில் இருக்கும் தொப்பியை ஈஐஎஃப்-4ஈ என்ற காரணி பிடிக்க வேண்டும். ரைபோசோமின் சின்னப் பாதி மெத்தியோனின் சுமந்த டி.ஆர்.என்.ஏ.வோடு தயாராக இருக்கும். இந்த இரண்டு பக்கத்துக்கும் நேர்ப் பழக்கம் கிடையாது. நடுவில் நின்று சேர்த்து வைக்கிற கல்யாணத் தரகர்தான் ஈஐஎஃப்-4ஜி. தொப்பியைப் பிடித்தவரையும் பிடித்துக்கொள்கிறது, ஆர்.என்.ஏ.வின் மடிப்பைப் பிரிக்கும் 4ஏ-வையும், வால்பக்கத்துப் புரதத்தையும் கூட. பிறகு சின்னப் பாதி எழுத்தெழுத்தாகத் துழாவிக்கொண்டு போய் ஏ.யு.ஜி. வந்ததும் நிற்கும். அந்த டி.ஆர்.என்.ஏ.வைப் பிடித்திருந்த ஈஐஎஃப்-2 பிடியை விடும், பெரிய பாதி வந்து மேலே பொருந்தும். அவ்வளவுதான். இதைப் புரிந்துகொண்டால் பெயர்கள் தாமாக ஒட்டிக்கொள்ளும்.

வைரஸுக்குச் சொந்த ரைபோசோம் கிடையாது, நெல்லுடையதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறது. இந்தோனேசியாவில் உத்ரி மேரா என்று ஒரு பழைய நெல். அதில் உருண்டை வைரஸ் பெருகுவதில்லை. ஏன் என்று தேடிப்போன பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் 2010-ல் வந்து நின்ற இடம் எது தெரியுமா? இந்த 4ஜி மரபணு. அதில் ஓரிடத்தில் ஓரிரு எழுத்து மாற்றம், அவ்வளவே. நெல்லின் சொந்த வேலை நடக்கிறது, வைரஸின் ஜம்பம் மட்டும் செல்லவில்லை. 2018-ல் ஐ.ஆர்.64 நெல்லில் அதே மரபணுவைத் திருத்தி அந்த எதிர்ப்பைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

கோல் வைரஸ் இன்னும் கில்லாடி. அதன் ஆர்.என்.ஏ.வின் முன்பகுதி நீளமாக, மடிந்து, ரைபோசோமை ஏமாற்றுகிற போலித் தொடக்கங்களோடு இருக்கும். துழாவ ஆரம்பித்த ரைபோசோம் அந்த மடிப்பை அப்படியே தாண்டிக் குதித்து அந்தப் பக்கம் இறங்குகிறது. இறங்கியதும் முதல் புரதத்தை ஏ.யு.ஜி.யில் தொடங்காமல் ஏ.யு.யு.வில் தொடங்குகிறது! விதி இதுதான் என்று உன் புத்தகம் சொல்வதை நம் வயலில் ஒரு கிருமி மீறிக்கொண்டிருக்கிறது. எனக்கு அதன்மேல் கோபமும் வருகிறது, கொஞ்சம் மரியாதையும் வருகிறது. பெரியப்பாவிடம் இதைச் சொல்லிவிடாதே.

பிசிக்ஸ் படித்துவிட்டு இதில் வந்து மாட்டிக்கொண்டேன் என்கிறாயே, சிதம்பரத்தில் 1952-ல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனும் பிசிக்ஸ்காரர்தான். 1976-ல் அதில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு, உயிரியல் படிக்க மறுபடி மாணவனாகப் போனார். ஏ.யு.ஜி. தேடுகிற அந்தச் சின்னப் பாதியின் உருவத்தைத்தான், பாக்டீரியாவிலிருந்து எடுத்து, 2000-ல் அவர் குழு அணு அணுவாகக் காட்டியது. 2009-ல் நோபல். உனக்கு நோபல் வேண்டாம், செமஸ்டர் பாஸானால் போதும். பாடத்தை மட்டும் விடாதே. ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருப்பதையும் நிறுத்து. உன் அம்மா என்னிடம் அழுகிறாள், உன்னிடம் சொல்ல மாட்டாள்.

மற்றபடி எல்லாரும் சுகம். பக்கத்து வீட்டுத் தறி கல்யாணப் புடவை ஆர்டரில் ஓயாமல் ஓடுகிறது. கோயில் புல்வெளியில் கூட்டம். உன் பெரியப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்தபாடில்லை, ஆனால் வரப்பில் நடக்காமல் இருக்க மாட்டார். நோய் வந்த குத்துகளைப் பிடுங்கிப் போட்டாயிற்று, விளக்குப் பொறியும் வைத்தாயிற்று. இந்தப் போகம் என்ன மிஞ்சும் என்று நாங்கள் கணக்குப் போடுவதை நிறுத்திவிட்டோம்.

இத்தனையும் கேட்டுவிட்டு உன் பெரியப்பா கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அந்த நெல் எப்போ ஆடுதுறை நெல் நிலையத்துக்கு வரும்?" 2025 மே மாதம் மரபணு திருத்திய இரண்டு ரகங்களை டில்லியில் அறிவித்தார்கள், இரண்டும் துங்ரோவுக்கானவை இல்லை என்றேன். முகம் தொங்கிவிட்டது. உன் பேராசிரியரிடம் கேட்டு, பொங்கலுக்கு வரும்போது அவருக்கு நீயே சொல். சீயக்காயும் கூழ்வடாமும் எடுத்து வைத்திருக்கிறேன், பெரிய பையாகக் கொண்டு வா.

அன்புடன்,
பெரியம்மா