மழைக்காலத்தில் மூன்று நாவல்கள்

அக்டோபர் 27

இமையத்தின் 'செல்லாத பணம்' நாவலை நான்கு நாள் ரயில் பிரயாணத்தில் படித்து முடித்தேன். பொறியியல் படித்த ரேவதி, வீட்டாரின் சம்மதமின்றி ஆட்டோ ஓட்டும் ரவியை மணந்து, சில வருஷங்களுக்குப் பின் தீக்காயங்களோடு புதுச்சேரி ஜிப்மரில் கிடக்கிறாள் என்பதே கதையின் சாரம். ஆனால் நாவல் நெடுகிலும் நாம் பெரும்பாலும் அவளருகில் இல்லை, வார்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, யாராவது வந்து ஏதாவது சொல்லமாட்டார்களா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் உறவினர்களோடுதான் இருக்கிறோம். தலைமையாசிரியராக இருந்த தகப்பனார் நடேசன் எவ்வளவு செலவழிக்கவும் சித்தமாயிருந்தும், அந்தப் பணம் அந்த வாசலுக்குள் செல்லுபடியாகவில்லை என்ற பயங்கரத்தை ஆசிரியர் ஓரிடத்திலும் தம் வாயால் சொல்லி விளக்காமல், காத்திருப்பவர்களின் சம்பாஷணையிலேயே, அவர்கள் ஒருவரையொருவர் குற்றம் சொல்லி, பிறகு அழுது, பிறகு டீ குடிக்க எழுந்து போவதிலேயே பிரத்தியட்சமாக்கிவிடுகிறார். இது அபூர்வமான அடக்கம்.

மாலையில் திரும்புகையில் வண்டி தாம்பரம் சானடோரியத்தில் நின்றது. 1928இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக ஏற்படுத்திய வைத்தியசாலையினால் பெயர் பெற்ற நிறுத்தம் அது. ஒயர்க்கூடையில் பிளாஸ்கும், அது சாய்ந்துவிடாமல் சுற்றிலும் செருகிய பழம்புடவைத் துணியுமாக ஓர் அம்மாள் இறங்கிப் போனாள். இந்தத் தடத்தில் எத்தனையோ வருஷங்களாகப் போய்வருகிறேன். அந்தக் கூடைகளை ஒருநாளும் இப்படிப் பார்த்ததில்லை.

நவம்பர் 4

தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்'. கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாட்டிலிருந்து தலைப்பு. பிறப்பு முதல் சாவு வரை ஊரார் வீட்டுச் சடங்குகளுக்கெல்லாம் இன்றியமையாதவர்களாயிருந்தும் ஊரின் ஓரத்திலேயே நிறுத்தப்பட்ட கொங்கு நாட்டுக் குடிநாவிதர் சமூகத்தைச் சேர்ந்த காரு மாமா இறந்துபோகிறார். பிணங்களுக்கெல்லாம் முன்னின்று காரியம் செய்த கை ஓய்ந்துவிட்ட வீட்டில், சிதறிக் கிடந்த சொந்தங்கள் கூடுகின்றன. இங்கும் கதையின் நடுவில் இருப்பவர் பேசமாட்டார். எட்டு நாளைக்கு முன் படித்ததன் தொடர்ச்சியோ என்று மனம் மயங்கிற்று.

நவம்பர் 12

இரவெல்லாம் மழை. சோ. தர்மனின் 'சூல்' நாவலில் பாதிக்குமேல் படித்துவிட்டேன். 2019ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. உருளைக்குடி என்ற கரிசல் கிராமத்தின் கண்மாய்தான் இதில் நாயகன். கோடையில் மராமத்து செய்து, கரம்பை அள்ளி வயலுக்கு அடித்து, மழையில் கரை காத்து, மடையைத் திறந்து அடைக்கும் நீர்பாய்ச்சியின் சொல்லுக்கு ஊரே கட்டுப்பட்டிருந்த ஒரு வாழ்க்கையை, அதன் தெய்வங்களோடும் வசவுகளோடும் மரங்களோடும், அவசரமே இல்லாமல் சொல்லிச் செல்கிறார். சில உபகதைகள் நீண்டுவிட்டன என்பது என் அபிப்பிராயம்; என்றாலும் தண்ணீர் ஓடுகிற வழியில்தானே கதையும் ஓடவேண்டும் என்று பொறுத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

இந்தப் பக்கத்து மனிதனுக்கு இந்தப் புத்தகத்தை வெறும் பழங்கதையாகப் படிப்பது சாத்தியமில்லை. 2015 டிசம்பர் முதல் தேதி பெய்யத் தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டிய மழையும், முடிச்சூர் வீடுகளுக்குள் அடையாற்று வெள்ளம் ஏறிய அந்த இரவும் நினைவிலிருந்து அகலுமா? தெற்கே கண்மாய் என்பதைத்தான் நாம் ஏரி என்கிறோம். அவர்களுடைய நீர்பாய்ச்சிதான் நம் செங்கற்பட்டுச் சீமையின் நீர்க்கட்டி. பெயர்கள்தாம் வேறு.

நவம்பர் 13

சாயங்காலம் மழை விட்டதும் செம்பாக்கம் ஏரிக்கரைக்குப் போனேன். கரையோரம் ஆகாயத்தாமரை திட்டுத் திட்டாக ஒதுங்கியிருந்தது. பழைய மதகுக் கல் ஒன்று பாதி மண்ணில் புதைந்து கிடக்க, அதன் நடுத்துளையின் விளிம்பு, காலங்காலமாகக் கம்பு ஏறி இறங்கியதனால் அம்மிக் குழவிபோல் வழுவழுத்திருந்தது. விரலை வைத்துப் பார்த்தேன். மாட்டை ஓட்டிவந்த பெரியவர் ஒருவர் நின்று, "என்னா சார் பாக்கற, மடைக்கல்லு அது," என்றார். யார் திறப்பார்கள் என்று கேட்டேன்.

"எங்க சித்தப்பாதான் தொறப்பாரு. பாய்ச்சறதுக்குக் கழனி இருந்திச்சு, தொறந்தாரு. இப்ப எங்க இருக்குது?" என்று எதிரே வரிசையாய் நின்ற மாடி வீடுகளைக் கையால் காட்டினார்.

இந்த மடைக்கு ஏதாவது பெயர் உண்டா என்றேன். உண்டென்றார், மாடு முன்னால் போய்விட்டதைக்கூடக் கவனியாமல், நெற்றியைத் தேய்த்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். தெருவிளக்குகள் எரியத் தொடங்கும் வரையில் அவருக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை.