500 ரூபாய்க்குக் குறைந்த மிளகு

மட்டாஞ்சேரி யூதத் தெருவில் மிளகு வியாபாரம் செய்யும் ஒரு சேட் என் கட்சிக்காரர். தலைமுறை தலைமுறையாகக் கொச்சியிலேயே இருக்கும் குஜராத்திக் குடும்பம். 2017 டிசம்பரில் காகிதக் கட்டோடு என் ஆபீசுக்கு வந்தார். கொழும்பிலிருந்து வந்த அவருடைய மிளகு கண்டெய்னரோடு துறைமுகத்தில் நின்றுவிட்டது.

இந்தியா, இலங்கை சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் 1998 டிசம்பரில் கையெழுத்தாகி, 2000 மார்ச் 1 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி ஆண்டுக்கு 2,500 டன் இலங்கை மிளகு சுங்க வரியில்லாமல் வரலாம். ஒப்பந்தம் ஏதும் இல்லாத நாடென்றால் வரி 70 சதவீதம். இலங்கை மிளகில் காரமும் எண்ணெயும் அதிகம். கொச்சியைச் சுற்றியுள்ள ஓலியோரெசின் ஆலைகள் அதை வாங்கிச் சாறெடுத்து அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்புகின்றன. இலங்கையில் மாத்தளை விவசாயிக்கு விலை, இங்கே ஆலைக்கு வேலை, நடுவில் சேட்டுக்குக் கமிஷன்.

ஆனால் 2017இல் விலை சரிந்தது. 2016இல் கிலோ 700 ரூபாயை நெருங்கியது 400 சொச்சத்துக்கு வந்தது. வியட்நாம் மிளகு இலங்கையில் விளைந்தது என்ற சான்றிதழோடு நுழைகிறது என்று இடுக்கி, வயநாடு, குடகு விவசாயிகள் குமுறினார்கள். அந்தக் குமுறலில் நியாயம் இருந்தது. டிசம்பர் 6ஆம் தேதி டெல்லி ஓர் அறிவிக்கை போட்டது: இறக்குமதி விலை கிலோ 500 ரூபாய்க்குக் குறையக் கூடாது.

சேட்டின் பில்லில் விலை அதற்குக் கீழே. சரக்கு கப்பலேறியது அறிவிக்கைக்கு முன்பு. இது போதும் என்றுதான் அவர் நினைத்தார். பொட்டலத்திலிருந்து நாலு மிளகு மணியை என் மேஜையில் கொட்டி, ஒன்றைப் பல்லில் நசுக்கி, “கடிச்சுப் பாருங்க சார், இது வியட்நாமா?” என்றார். கடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. நாக்கை எக்ஸிபிட்டாகக் குறிக்கச் சட்டத்தில் வழியில்லை.

வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையின் 1.05ஆம் பத்தி இப்படி நடுவழியில் மாட்டிக்கொண்ட சரக்குக்காகவே இருக்கிறது. இடையில் கட்டுப்பாடு வந்தாலும், அதற்கு முன்பே வங்கியில் ரத்து செய்ய முடியாத கடன் உறுதிக் கடிதம், அதாவது எல்.சி., திறந்திருந்தால் சரக்கை விடலாம். “எல்.சி. எங்கே?” என்றேன். இல்லை. கொழும்புக்காரரும் இவரும் அப்பா காலத்துப் பழக்கம். போனில் விலை பேசுவார்கள், சரக்கு வரும், பணம் போகும். கொழும்பு இங்கிருந்து கூப்பிடு தூரம், எல்.சி. காகிதம் தயாராவதற்குள் கப்பல் வந்துவிடும். செலவும் நேரமும் மிச்சமாகும் அந்த நம்பிக்கைதான் அண்டை நாட்டு வியாபாரத்தின் பெரிய லாபமே. விதி அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

ரிட் போட்டேன். ஒப்பந்தம் தந்த வரிச்சலுகையை விலை அறிவிக்கை வெறும் காகிதமாக்குகிறது என்று வாதாடினேன். எதிர்த்தரப்பின் பதில் சுருக்கம்: சலுகை வரிக்குத்தான், விலைக்கு இல்லை. சட்டப்படி அது பலமான பதில். மனு நிலுவையில் இருக்க, டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

ஒரு வேடிக்கை. சுங்க வரி பூஜ்யமாக இருக்கும்போது பில்லில் விலையைக் கூட்டி எழுதினால் ஒரு ரூபாய்கூடச் சுங்க வரி அதிகமாகாது. 500 என்று எழுதியிருந்தால் இந்த வழக்கே இல்லை. அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று பஜாரில் வெளிப்படையாகவே பேச்சு. தடுக்க நினைத்த சரக்கு உள்ளே போக, உண்மை விலை எழுதியவர் மாட்டினார். சேட்டிடம் இதைச் சொன்னபோது, “கூடுதலா எழுதின பணத்தை அப்புறம் யார் சார் திருப்பிக் கொண்டு வர்றது? அது ஹவாலா” என்றார்.

கடைசியில் அபராதம் கட்டி, சரக்கைக் கொழும்புக்கே திருப்பி அனுப்ப அனுமதி வாங்கினோம். மனுவை வாபஸ் பெற்றேன். நஷ்டத்தில் பாதியைக் கொழும்புக்காரர் ஏற்றுக்கொண்டார். அதற்கும் எழுத்தில் எதுவும் கிடையாது. 2018 மார்ச்சில் 500 ரூபாய்க்குக் கீழே இறக்குமதி தடை என்றே இறுக்கினார்கள். பிறகு ஏற்றுமதிக்காகவே வாங்கும் ஆலைகளுக்கு விலக்கு வந்தது. சேட் இப்போது அவர்களுக்குத்தான் தரகு பார்க்கிறார். எல்.சி. திறக்கச் சொல்லியிருக்கிறேன். வங்கிக் கமிஷன் எவ்வளவு என்று கேட்டுவிட்டு, யோசிக்கிறேன் என்றார்.